கல்வேலி கட்டுபவருக்கு ஒரு வாக்கு

யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவுக்குப் போய்வருபவர்களின் கைபேசிகளில் தவறாமல் சில படங்கள் இருக்கும்: மட்டக்குதிரைகள், பெருக்கு மரம், இடிந்த கோட்டை, கல்வேலி. முதல் மூன்றுக்கும் படகுத்துறையிலேயே யாராவது கதை சொல்லிவிடுவார்கள். குதிரைகள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்தவற்றின் வழிவந்தவை என்பார்கள். பெருக்கு ஆபிரிக்காவின் மரம், அராபிய வணிகரோடு வந்தது என்பார்கள். கல்வேலிக்கு அப்படி ஒரு கதையும் இல்லை. முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும், வளவுக்கு வளவு ஓடுகிறது அது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்று புகுந்து போகும். அதனால் காற்றின் வேகம் தணியும், வேலியும் சாயாது. ஆடுமாடு தட்டி ஒரு பக்கம் சரிந்தால் விழுந்த கல்லையே எடுத்துத் திரும்ப அடுக்கிவிடலாம். கையில் ஒரு கல்லை எடுத்து, ஒருதரம் புரட்டிப் பார்த்து, அதற்குரிய இடத்தில் வைக்கத் தெரிந்தவர்கள் தீவில் இன்னும் இருக்கிறார்கள். வடிவமைப்புக் கல்வியைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் இந்த இடத்தில் ஒன்று உறுத்த வேண்டும்: இந்த மனிதர் இந்த நாட்டில் எந்த வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைய முடியும்?

கேள்வி மிகையானதாகத் தோன்றலாம். ஆனால் வடிவமைப்புக் கல்வி தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே, தான் மற்றக் கல்விகளைப் போல விரிவுரையால் நடப்பதில்லை என்பதைத்தான். கட்டடக்கலை, உற்பத்திப் பொருள் வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஸ்டூடியோ. அங்கே ஒரு பிரச்சினை கொடுக்கப்படும். மாணவர் கீறுவார், அட்டையில் மாதிரி வெட்டுவார், கலைப்பார், திரும்பக் கீறுவார். ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாணவரின் படத்தின்மேல் ஒரு ட்ரேசிங் தாளை விரித்துத் தானும் கீறிக்கொண்டே பேசுவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த டொனால்ட் ஷோன், 1983 இல் வெளியான தமது நூலில் இந்தக் காட்சியைத்தான் கூர்ந்து ஆராய்ந்தார். ஆசிரியரின் பேச்சை மட்டும் எழுதிவைத்தால் பாதி புரியாது, படத்தை மட்டும் பார்த்தாலும் புரியாது. கையும் வாயும் சேர்ந்து ஓடும்போதுதான் அறிவு வெளிப்படுகிறது என்று அவர் கண்டார். தொழில்வல்லுநர் ஒருவர் வேலையின் நடுவிலேயே யோசிக்கும் விதத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு, பிறகு மருத்துவம், தாதியியல், ஆசிரியப் பயிற்சி எனப் பல துறைகளுக்குப் பரவியது.

இந்த விவரிப்பை ஊர்காவற்றுறையில் தோணி கட்டிய ஓர் ஓடாவியிடம் வாசித்துக் காட்டினால் அவர் வியந்திருக்க மாட்டார். அவருடைய பட்டறையில் பையன் முதலில் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகு ஆணி எடுத்துக் கொடுப்பான். படகின் அடிமரமான ஏரா கிடத்தப்பட்டு, பலகை நெருப்புச் சூட்டில் மெல்ல வளைந்து கொடுக்கும்போது எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மூத்தவரின் முகத்தைப் பார்த்துப் படிப்பான். ஸ்டூடியோவின் இலக்கணம் முழுவதும் அங்கே இருந்தது. தாளும், மாணவரின் வேலையை மதிப்பிடும் ஜூரியும் மட்டும் இல்லை. ஷோன் கண்டது புதிய அறிவு என்றால், அந்தப் புதுமை பல்கலைக்கழகத்துக்குத்தான்.

ஒரு வகுப்பு நெடுந்தீவுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணிநேரம் உப்புக்காற்றில் வந்து இறங்குகிறார்கள். கல்வேலியின் உயரம், அகலம், சாய்வு எல்லாம் நாடாவால் அளக்கப்படுகின்றன. ஒவ்வொரு கல்லும் தெரியும்படி ஒரு குறுக்குவெட்டு முகம் மிக அழகாகக் கீறப்படுகிறது. வேலி கட்டுபவர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேள்வி கேட்கிறார்கள். மாணவர்களில் சிலர் சிங்களம் பேசுபவர்கள், பாடம் ஆங்கிலத்தில், பதில் சொல்பவர் நெடுந்தீவுத் தமிழில். ஒரு தோழி மொழிபெயர்க்கிறாள். நீளமான பதில் ஒரு வரியாகிறது. நகரத்துக்குத் திரும்பியதும் சுவரில் படங்கள் குத்தப்படுகின்றன, ஜூரி உட்காருகிறது, புள்ளிகள் வழங்கப்படுகின்றன. நல்ல வேலைதான், அந்த மாணவர்கள் உண்மையாகவே எதையோ கற்றிருப்பார்கள். ஆனால் அந்தக் குறுக்குவெட்டு முகம் சரியா என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அந்த அறையில் இல்லை. அவர் படத்தின் ஓரத்தில் பெயரில்லாத ‘உள்ளூர்க் கைவினைஞர்’ ஆகிவிட்டார். துறைகள் சேர்ந்து இயங்க வேண்டும் என்று ஆண்டறிக்கைகளிலும் மாநாடுகளிலும் பேசப்படும்போது, அந்தச் சேர்க்கை பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களுக்கும் பட்டம் பெற்றவர்களுக்கும் இடையில்தான். கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் சமூகவியலாளரும் ஒரே மேசையில் இருப்பார்கள். கல்லைப் புரட்டத் தெரிந்தவர் மேசைக்கு வெளியே நிற்பார்.

இந்தக் கேள்வியை நவீன வடிவமைப்புக் கல்வி தன் பிறப்பிலேயே எதிர்கொண்டது. 1919 இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கியபோது, கலைஞருக்கும் கைவினைஞருக்கும் இடையிலுள்ள சுவரை இடிப்பதே நோக்கம் என்று அறிவித்தார். ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள்: வடிவத்துக்கு ஒரு கலைஞர், தொழிலுக்கு ஒரு கைவினைஞர். இந்த இரட்டை ஆசிரிய முறை எங்கே உயிரோடு நடந்தது என்று பார்த்தால், வைமாரில்கூட இல்லை. அங்கிருந்து தள்ளியிருந்த டோர்ன்பூர்க் என்ற சிற்றூரில். அங்கே பரம்பரைக் குயவரான மாக்ஸ் கிரேஹானின் பட்டறைக்கே மாணவர்கள் போய்த் தங்கினார்கள். வடிவ ஆசிரியர், சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ். மாணவர்கள் விறகு பிளந்தார்கள், மண் மிதித்தார்கள், சூளையைக் கண்விழித்துப் பார்த்தார்கள். பழைய கிராமத்துக் குடுவைகளின் வடிவத்திலிருந்தே புதிய வடிவங்களுக்கு நகர்ந்தார்கள். ஓட்டோ லிண்டிக், தியோடோர் போக்லர், மார்கரெட் ஃப்ரீட்லெண்டர் போன்ற நூற்றாண்டின் முக்கியமான மட்பாண்டக் கலைஞர்கள் அந்தச் சூளையடியிலிருந்து வந்தவர்கள். ஆயினும் பௌஹவுஸின் ஆசிரியர் மன்றத்தில் வாக்குரிமை வடிவ ஆசிரியர்களுக்கு மட்டுமே இருந்தது. தொழில் ஆசிரியர்கள் கருத்துச் சொல்லலாம். முடிவெடுக்கக் கை உயர்த்த முடியாது. சுவரை இடிக்கப் புறப்பட்ட பள்ளி, மன்ற அறையின் வாசலில் அதே சுவரை எழுப்பிவிட்டது. 1925 இல் பள்ளி டெஸ்ஸாவுக்கு இடம்பெயர்ந்தபோது மட்பாண்டப் பட்டறை கூடவே போகவில்லை.

வாக்கு என்பது சிறிய விடயமா? எதைப் படிப்பிப்பது, எது நல்ல வேலை, யார் தேறினார், அடுத்த ஆண்டு பணம் எங்கே செலவாகும் என்ற நான்கையும் வாக்குதான் தீர்மானிக்கிறது.

தீவுகளிலும் அவற்றை அண்டிய கரையிலும் கை உயர்த்தும் தகுதி இருந்ததற்குச் சான்று கடல் கடந்து போயிருக்கிறது. 1930 அளவில் வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் ரொபின்சனால் வாங்கப்பட்டு, அத்திலாந்திக் கடலைத் தாண்டி 1938 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டியவர்கள் எந்தக் கல்லூரியிலும் கப்பல் வடிவமைப்புப் படித்தவர்கள் அல்லர். உலகத்தின் மீன்பிடிப் பாய்க்கப்பல்களின் தலைநகராக இருந்த ஒரு துறைமுகத்தில், இந்தக் கரையின் மரவேலை பரிசோதனைக்கு நின்று தேறியது. இதைவிடப் பெரிய ஜூரி எது? ஆனாலும் அந்த அறிவு நம்முடைய எந்தக் கல்வி நிறுவனத்துக்குள்ளும் பாடமாக நுழையவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் காரைநகரில் நோர்வே உதவியோடு சீநோர் படகுத்தளம் எழுந்தது. அதன் பின்னால் இருந்தவர் நோர்வேக்குப் போய் மீன்பிடித் தொழில் கற்றுத் திரும்பிய அன்ரனி இராஜேந்திரம். கண்ணாடியிழைப் படகுகள் பரவின. மீனவருக்கு அது நன்மைதான்: பாரம் குறைவு, பராமரிப்பும் குறைவு. மரத்தில் தேர்ந்த கைகள் மெல்லத் தொழிலிழந்தன. அந்த இரண்டு அறிவுகளும் ஒரே கூரையின் கீழ் ஒரு தலைமுறைக் காலம் பேசிக்கொண்டிருந்தால் எப்படிப்பட்ட படகு பிறந்திருக்கும் என்பது கேட்கப்படாமலே போன கேள்வி.

இங்கே ஒரு தயக்கத்தையும் மறைக்காமல் வைக்க வேண்டும். கைவினைஞரைக் கொண்டாடும் பேச்சு யாழ்ப்பாணத்தில் அவ்வளவு கபடமற்றது அல்ல. கல்லும் மரமும் மண்ணும் பொன்னும் இங்கே சாதியின்படி பகிரப்பட்ட தொழில்கள். பட்டறை என்பது அறிவின் இடமாக இருந்ததைப் போலவே, யார் எதைத் தொடலாம் என்ற கட்டளையின் இடமாகவும் இருந்தது. பெண் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. தகப்பனின் தொழிலிலிருந்து வெளியேறுவதற்காகவே படித்த பிள்ளையிடம் போய், தகப்பனின் உளியைத் திரும்ப எடு என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. நவீன ஸ்டூடியோவின் பெரும் பேறு அதன் கதவு பிறப்பைக் கேட்காமல் திறப்பது. ஆகவே பட்டறையை அப்படியே மீட்டெடுப்பது நோக்கமாக இருக்க முடியாது. அந்த அறிவை அதன் பூட்டிலிருந்து விடுவித்து, அறிந்தவரின் மதிப்பைக் குறைக்காமல் எல்லோருக்கும் கொடுப்பது எப்படி என்பதே கேள்வி. மாமல்லபுரத்தில் 1957 இல் தமிழக அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இதற்கு ஒரு பதிலை முயன்றது. வைத்தியநாத ஸ்தபதியும் பின்னர் அவர் மகன் கணபதி ஸ்தபதியும் தலைமை தாங்கிய அந்த நிறுவனத்தில், ஸ்தபதியே ஆசிரியர், ஸ்தபதியே முதல்வர், தேர்வாளரும் அவரே. பரம்பரையில் வராத பிள்ளைகளும் அங்கே உளி பிடித்தார்கள், பட்டமும் வாங்கினார்கள். கோயில் மரபுக்குள்ளேயே அது பெரிதும் நின்றுவிட்டது என்ற குறை இருக்கலாம். ஆனால் வாக்கு யாரிடம் என்ற விடயத்தில் பௌஹவுஸ் தயங்கிய இடத்தை அது தாண்டியது.

தீவுகளில் துறைகள் சேர்வது அறிவுலக நாகரிகமாக இல்லாமல் உயிர்த்தேவையாக இருப்பதைக் காட்ட மலக்குழி ஒன்று போதும். ஆறோ குளிர்ந்த மலையோ இல்லாத சுண்ணக்கல் நிலம் இது. மழைநீர் கல்லின் துவாரங்களால் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் வில்லை வடிவத்தில் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நிற்குமானால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு அது இருக்கலாம் என்பது நிலநீரியலின் பொதுவிதி. மேலே சிறிது குறைந்தாலும் கீழே உப்பு வேகமாக ஏறும். இந்த நிலத்தில் ஒரு வீட்டின் வரைபடத்தில் மலக்குழியை எங்கே வைப்பது? கட்டடக்கலைஞருக்கு அது வீட்டின் பின்மூலையில் ஒரு வட்டம். நிலவியலாளருக்கு, கல்லின் வெடிப்பு வழியாக அயலவரின் கிணற்றுக்குப் போகும் பாதை. மருத்துவருக்கு, குழந்தையின் வயிற்றோட்டம். அந்த வளவில் முன்பு கிணறு வெட்டியவருக்கு மட்டும் எந்தப் பக்கம் கல் இறுகியது, எந்தப் பக்கம் பொரிந்தது என்பது தெரியும். நால்வரும் சேராமல் அந்த வட்டத்தைச் சரியான இடத்தில் கீற முடியாது. வீட்டுக்கு முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்து வேண்டும் என்றால் சட்டமும் மேசைக்கு வர வேண்டும். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது குற்றம். மரபு அழகானது என்று சொல்லிக் கடலின் முருகையை எடுத்துவிட முடியாது.

சேராமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை வடக்கு கண்டிருக்கிறது. போருக்குப் பிந்தைய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5.5 லட்சம் ரூபாய் கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டு, வீட்டுக்காரரே கட்டும் முறை இருந்தது. குறைகள் இருந்தாலும் ஊர் மேசனுக்கு வேலை இருந்தது, குடும்பத்துக்கு ஒரு சொல் இருந்தது. பிறகு 2016 இல் ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் 65,000 இரும்பு வீடுகள் பேசப்பட்டன. ஒன்றுக்கு ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், காற்றோட்டம் போதாது, அடுப்படிக்கு இடமில்லை, பிள்ளை கலியாணம் முடித்தால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது என்று மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டுமானப் பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் மக்களும் ஒரே குரலில் எதிர்த்த பிறகே அது சுருங்கிப் பின்வாங்கியது. நல்ல முடிவு. ஆனால் அந்தக் குரல்கள் வடிவமைப்பின் முதல்நாள் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையாக மாறியது. 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரிய ஒளி என்ற எண்கள் வந்தன. மூன்று தலைநகரங்கள் பேசின. நெடுந்தீவில் பனங்காட்டுக்குப் பக்கத்தில் எந்த நிலம் மேய்ச்சலுக்கு விடப்படுகிறது, எந்த மாதத்துக் காற்று எதைப் பெயர்க்கும் என்பதை அறிந்தவர்களுக்கும் அந்த மேசையில் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையின் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலைநூல் அது. ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் அதைக் கொண்டுவந்தது. போரால் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறினார்கள். கிணறு, மாமரம், சாமியறை, ஷெல் விழுந்த மூலை என்று அளவுத்திட்டம் இல்லாத கோடுகள். அந்தக் கோடுகள் கட்டடக்கலைஞரின் வரைபடமாக மறுபடி கீறப்பட்டன. ஓவியரான சனாதனன் தமது படத்தைச் சேர்த்தார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேட்டின் பெயர் தாங்கிய அந்தக் கோப்பில் மூன்று கைகளும் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. கட்டடக்கலைஞரின் நேர்க்கோடு வீட்டுக்காரியின் வளைந்த கோட்டைத் திருத்தவில்லை. பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவே. நூல் பார்ப்பவர் எந்தக் கோட்டை நம்புகிறார் என்று கவனித்தால், பெரும்பாலும் முதற்கோட்டைத்தான். வாக்குரிமை என்பதைத் தாளில் எப்படிக் கொடுப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. ஆனால் இது ஒரு கலைஞரின் தனித்த படைப்பு முயற்சியாக நின்றது, பாடத்திட்டமாகவில்லை.

பாடத்திட்டமாவதற்குத் தடை அறிவின் பஞ்சம் அல்ல, தூரம். யாழ்ப்பாணப் பிள்ளை அரச பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க விரும்பினால் பெரும்பாலும் மொறட்டுவைக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில். மருத்துவமும் நுண்கலையும் யாழ்ப்பாணத்தில். சித்திரமும் வடிவமைப்பும் மருதனார்மடத்தில். இந்தப் பீடங்களின் மாணவர்கள் நான்கைந்து ஆண்டுகள் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரால் படித்து, ஒருதரமேனும் ஒரே மேசையில் ஒரே பிரச்சினையோடு உட்காராமல் பட்டம் வாங்கிவிட முடியும். தீவுகளோ கேள்விகளால் நிறைந்து கிடக்கின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கும் நாகவிகாரைக்கும் வரும் கூட்டம் குறிகட்டுவான் துறையில் வெயிலில் எப்படிக் காத்திருப்பது? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் முதியவர் ஒருவர் தடுக்காமல் ஏறுவது எப்படி? 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக்கொல்லப்பட்டவர்களின் நினைவைச் சுமக்கும் ஒரு கடல்வழியில், புதிய பயணிகள் படகின் உள்ளமைப்பு எப்படி இருக்க வேண்டும்? இவற்றில் எதற்கும் ஒரு துறை தனியாகப் பதில் சொல்ல முடியாது.

ஆகவே கேட்பது பெரிதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பருவத்தைத் தீவில் நடத்தட்டும். நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு கூரையும் நீண்ட மேசையும் போதும். நுண்கலை, பொறியியல், மருத்துவ, கட்டடக்கலை மாணவர்கள் ஒரே கேள்வியில் வேலை செய்யட்டும். பேச்சு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கட்டும். மொழிபெயர்ப்பதற்கும் நேரமும் புள்ளியும் ஒதுக்கப்படட்டும். கல்வேலி கட்டுபவருக்கும் ஓடாவிக்கும் கிணறு வெட்டுபவருக்கும் வருகைதரு விரிவுரையாளருக்குரிய அதே கொடுப்பனவு வழங்கப்படட்டும், படங்களில் அவர்கள் பெயர் இருக்கட்டும். பருவமுடிவில் ஜூரி உட்காரும்போது புள்ளித்தாளில் அவர்களுடைய கையெழுத்தும் இல்லாவிட்டால் எந்த மாணவரும் தேறியதாகக் கொள்ளக் கூடாது. இதற்குப் புதிய பீடம் தேவையில்லை; இரண்டு மூதவைகளின் தீர்மானம் போதும். அந்தத் தீர்மானத்தை முன்மொழியும் நிலையிலுள்ள பேராசிரியர்கள் இன்றே அதை எழுதத் தொடங்க வேண்டும்.